எட்டு நொடிக்கு ஒரு படம்

நானூற்றுப் பன்னிரண்டு மூட்டை. புயல் என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட சுமைதூக்கி, தாம் வேலை பார்த்த சிமெண்டுக் கிடங்குக்குத் தர வேண்டியிருந்த கடன் இது. நாடுகள் பட்ட கடன்கள் உண்டு, வங்கிகளையே படுக்க வைத்த கடன்கள் உண்டு. ஆனால் காலம் என்றால் என்ன, காட்சி என்றால் என்ன என்ற இரண்டு பெருங்கேள்விகளுக்கும் ஒரே வருடத்தில் விடை காண உதவிய கடன், மனித குல வரலாற்றில் இது ஒன்றுதான்.

கடனை மூட்டையில் கணக்கிடுவது அந்தக் கிடங்கின் வழக்கம். பின்புறத்துத் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறை கிடைக்க வேண்டும் என்று புயல் முன்பணம் வாங்கினார். வாங்கிய பணத்தை மூட்டையாக மாற்றி அவர் தலையில் ஏற்றினார்கள். தினம் நூற்றிருபது மூட்டை சம்பளத்துக்கு. அதற்கு மேல் தூக்கினால் கடனில் கழியும். நூற்றிருபதுக்குக் குறைந்தால் குறைந்த மூட்டை கடனில் ஏறும். வருடக் கணக்கு முடிக்கும் நாளுக்குள் தீராவிட்டால் அறையைக் காலி செய்துவிட வேண்டும்.

அந்த அறையில் அப்படி என்ன இருந்தது என்று கேட்டால், கதவு இருந்தது. முன்பு குடியிருந்த இடத்தில் சாக்குப் படுதாதான். புயலின் இரண்டு பெண்களும் புது அறைக்கு வந்த நாளிலிருந்து காரணமே இல்லாமல் கதவைச் சாத்துவதும் திறப்பதுமாக இருந்தார்கள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டால் புயலுக்குத் தோள்வலி பாதி குறைந்துவிடும்.

புயல் என்ற பெயர் சும்மா வரவில்லை. மூட்டை என்பது இறக்கும் வரைக்கும்தான் பாரம், ஆகவே சீக்கிரம் இறக்கிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. மூட்டை முதுகில் விழுந்ததும் கால்கள் தாமாகக் கிளம்பிவிடும். அவர் கிடங்குக் கதவைக் கடந்தால் காற்று வருவது முதலில் தெரியும், ஆள் வந்தது அப்புறம் தெரியும்.

அதே கிடங்கில் அவருடைய மச்சானும் வேலை பார்த்தார். மனைவியின் அண்ணன். அவருக்கு ஊரார் வைத்த பெயர் நிதானம். அவர் ஒரு மூட்டையோடு வெளியே வருவது, ஒரு வீட்டைக் கடைக்காலோடு இடம் மாற்றுவது போல் இருக்கும். கதவருகே வந்ததும் நிலையில் தோளைச் சாய்ப்பார். வானத்தைப் பார்ப்பார். லாரி ஓட்டுநரின் குடும்ப நலம் விசாரிப்பார். பதில் திருப்தியாக இருந்தால்தான் அடுத்த அடி வைப்பார்.

காமிரா வருவதற்கு முன் மேஸ்திரி கதவருகே ஒரு கால் ஒடிந்த நாற்காலியில் உட்கார்ந்து, மூட்டைக்கு ஒரு தகர வில்லை கொடுத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வில்லைகளை எண்ணினால் கணக்கு வந்துவிடும். இவ்வளவு சுலபமாகக் கணக்கு வருவதில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்குச் சந்தேகம் வந்தது. உடனே ‘காட்சி வழி நேர்மைக் குழு’ அமைக்கப்பட்டது. மேலாளர் தலைவர். கணக்கர் உறுப்பினர். மேஸ்திரி, நாற்காலியிலிருந்து எழுப்பப்பட்டு, குளிரூட்டிய அறையில் ‘காட்சிக் கணிப்பாளர்’ ஆனார்.

கதவுக்கு மேலே காமிரா மாட்ட வந்தவர் மெலிந்த மனிதர். உண்மையைச் சொல்லித் தொழிலைக் கெடுத்துக்கொள்ளும் வகை. குழுவின் முதல் கூட்டத்தில் அவர் விளக்கினார்.

“வீடியோன்னு தனியா ஒண்ணும் கிடையாது சார். எல்லாம் நின்ன படங்கதான். ஒரு நொடிக்கு இருபத்தஞ்சு எடுத்து ஓட்டினா ஆள் நடக்கற மாதிரி தெரியும். கம்மியா எடுத்தா தாவித் தாவிப் போவான். பதிவாகற பெட்டில இடம் அளவுதான். படம் நிறைய வேணும்னா ஒவ்வொண்ணும் மங்கலா இருக்கும். ஒவ்வொண்ணும் தெளிவா வேணும்னா கொஞ்சமாத்தான் எடுக்கணும். பெரிய பெட்டி வாங்கிட்டா ரெண்டும் கிடைக்கும்.”

கடைசி வாக்கியத்தைக் குழு காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மூன்று மாதப் பதிவு கையில் இருக்க வேண்டும் என்பது விதி. பெட்டி சிறியதாக இருக்க வேண்டும் என்பது அதைவிடப் பழைய விதி.

காமிராக்காரர் இரண்டு மாதிரிகள் காட்டினார். இரண்டிலும் அலுவலக உதவியாளர் தேநீர் கொண்டுவந்தார். முதலாவதில் அவர் இயல்பாக நடந்து வந்தார். ஆனால் முகம் ஈரச்சுவரில் படிந்த கறை போல் இருந்தது. இரண்டாவதில் சட்டைப் பித்தானின் நூல்கூடத் தெரிந்தது. ஆனால் வாசலில் நின்றவர், அடுத்த கணம் மேலாளரின் மேசைக்கருகே இருந்தார். கோப்பை மேலாளரின் கையில் இருந்தது. அதற்கும் அடுத்த கணம் காலியாக இருந்தது.

குழு இரண்டாவது மாதிரியில் சொக்கிப்போனது. நடந்து வீணாகும் நேரமே அதில் இல்லை என்று கணக்கர் சுட்டிக்காட்டினார். “ஒரு நொடியில நம்ம ஆளுங்க என்ன சாதிச்சிடப் போறாங்க, இருபத்தஞ்சு படம் எடுக்க?” என்றார் மேலாளர். குழு பதவி வரிசைப்படி சிரித்தது.

தரத்தை எதுவரை ஏற்றுவது என்பது அடுத்த கேள்வி. மேலாளர் தாமே கதவருகே போய் நின்று, தம் மீசை முடி தனித்தனியாகத் தெரியும் வரை ஏற்றச் சொன்னார். தெரிந்தபோது எட்டு நொடிக்கு ஒரு படம் என்று வந்து நின்றது. மீசையில் இருந்த நரையும் கூடவே தெரிந்ததில் அவருக்கு வருத்தம்தான். தரத்துக்காக அதையும் தாங்கிக்கொண்டார். தலைவர்கள் அப்படித்தான் உருவாகிறார்கள்.

விதி ஒரே வரி: ஒரு படத்தில் ஓர் ஆளும் ஒரு மூட்டையும் சேர்ந்து தெரிந்தால், அந்த ஆள் பெயரில் ஒரு மூட்டை.

முதல் வாரம் முடிந்ததும் கணக்கு ஒட்டினார்கள். புயலுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தம் பெயரைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கண்டுபிடித்த பிறகு, கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று பட்டது. தினமும் நூற்று முப்பதுக்குக் குறையாமல் தூக்கிய அவருக்கு நாளொன்றுக்கு நாற்பத்து நான்கு மூட்டை போட்டிருந்தது. கடன் எண்ணூற்று அறுபத்தெட்டாக வளர்ந்திருந்தது. மேலே, முதல் இடத்தில், தினம் நூற்றுத் தொண்ணூறு மூட்டையோடு நிதானம் இருந்தார். அவர் உண்மையில் தூக்கியது எழுபது. அதை அவரே ஒத்துக்கொண்டார். மூன்று தடவை வெட்கப்பட்டார். நான்காவது தடவை கேட்டபோது அவருக்கே சந்தேகம் வந்து, “தூக்கியிருப்பனோ என்னவோ மாப்ள” என்றார்.

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி முன்னால் போய்விட்டது. மனைவி கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

“மீதி நேரம் எங்க போறீங்க?”

“எங்கயும் போகல. கிடங்குலதான் இருக்கேன்.”

“காமிரா பொய் சொல்லுதா? எங்க அண்ணன் எல்லாப் படத்துலயும் இருக்காரு. பக்கத்து அறைக்காரி கேக்கறா, உன் வீட்டுக்காரரு மூணுல ஒரு பங்குதான் வேலைக்கு வர்றாராமேன்னு.”

புயல் தம்முடைய தோளைக் காட்டினார். தோல் உரிந்து சிமெண்டு ஏறியிருந்தது. அவள் எண்ணெய் தடவிவிட்டாள். ஆனாலும், அந்த மூன்றில் இரண்டு பங்கு அவள் மனத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டதை அவள் விரல்களிலேயே அவரால் உணர முடிந்தது.

மறுநாள் அவர் காட்சி அறைக்குப் போனார். மேலாளரே திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரு சுமைதூக்கிக்குத் திரையைத் திருப்பிக் காட்டிய முதல் மேலாளர் அவர்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

“இதுல நீ இருக்கியா?”

“இல்ல சார்.”

“அடுத்த படம். இதுல?”

“இதுலயும் இல்ல சார். இந்த ரெண்டுக்கும் நடுவுல போயிட்டேன்.”

“நடுவுலயா?” மேலாளர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தரையைப் பார்த்தார். “நடுவுல ஒண்ணும் இல்லப்பா. இந்தப் படத்துக்கு அப்புறம் இந்தப் படம்தான் வருது. நீயே பாரு.”

“அப்ப லாரியில ஏறின மூட்டைங்க சார்?”

“அது லாரி சம்பந்தப்பட்ட விஷயம்.”

காலம் இடைவிடாமல் ஓடுகிறது என்று எத்தனை தலைமுறைகள் நம்பிக் கெட்டன. அது எட்டு நொடிக்கு ஒருமுறைதான் நடக்கிறது, மீதி நேரமெல்லாம் சம்பளம் இல்லாத விடுப்பு என்பதை ஒரு சிமெண்டுக் கிடங்குதான் கண்டுபிடித்தது.

வெளியே வரும்போது மேஸ்திரி தாழ்வாரம் வரை கூடவே வந்தார். பதினைந்து வருடம் புயலுக்கு வில்லை கொடுத்தவர். மனசு கேட்கவில்லை. ஒரே மூட்டையோடு ஒரே ஆள் அடுத்தடுத்த இரண்டு படங்களில் நிற்பது தமக்குத் தெரியாமல் இல்லை என்றார். “ரெண்டு படம்னா ரெண்டு மூட்டை. சொந்த அறிவப் பயன்படுத்தக் கூடாதுன்னு எழுத்துல குடுத்திருக்காங்க புயலு. நான் என்ன செய்யட்டும்? நீ கொஞ்சம் நின்னு போயேன்.”

அன்று முதல் நிதானம் ஆசிரியரானார். வேலை முடிந்து, சுவரோரம் ஒரு காலிச் சாக்கில் மணலை நிரப்பி மாப்பிள்ளையின் முதுகில் ஏற்றினார். “நிக்கிறத லேசா நெனக்காத மாப்ள. முட்டிய ஒரேயடியா விறைக்கக் கூடாது. மூச்ச அடக்கக் கூடாது. மனசுக்குள்ள எட்டு எண்ணு. முக்கியமா, வேலை செய்யணும்கிற நெனப்பே வரக் கூடாது.” முதல் மூன்று பாடங்களைப் புயல் பிடித்துக்கொண்டார். நான்காவது வரவே இல்லை. ஐந்து எண்ணுவதற்குள் கால் கிளம்பிவிடும். சுமந்தவர்களுக்குத் தெரியும்: ஐம்பது கிலோவோடு நடப்பது ஒரு வேலை, ஐம்பது கிலோவோடு நிற்பது ஒரு தண்டனை. நடக்கும்போது பாரம் காலுக்குக் கால் மாறும். நிற்கும்போது அது முழுசாக இறங்கி, முட்டியில் குடியேறிவிடும்.

ஆனாலும் கற்றுக்கொண்டார். எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். கதவருகே மூட்டையோடு நிற்க வரிசை வந்தது. வரிசையில் நிற்பதற்கு ஒரு வரிசை வந்தது. ஒரு மணி நேரத்தில் நிறைந்த லாரி சாயங்காலம் வரை நின்றது. ஓட்டுநர்கள் லாரிக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கினார்கள். நிதானத்திடம் குடும்ப நலம் பற்றிச் சொல்ல அவர்களிடம் எதுவும் மிச்சம் இல்லை.

குழுவோ ஆனந்தக் கண்ணீர் வடித்தது. ஆயிரத்து நூறு மூட்டை இருந்த கிடங்கிலிருந்து ஒரே நாளில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் மூட்டை வெளியேறியிருந்தது. அதற்கப்புறமும் உள்ளே நானூறு மூட்டை மிச்சம் இருந்தது. உலகத்தில் வேறெங்கும் சிமெண்டு குட்டி போட்டதில்லை. வாங்கியவர்களுக்கும் காமிராக் கணக்குப்படியே விலைச்சீட்டு போனது. மூட்டை குறைகிறதே என்று கேட்டவர்களுக்குப் படம் அனுப்பி வைக்கப்பட்டது. படத்தின் தெளிவைப் பார்த்து அவர்கள் வாயடைத்துப் போனதாக மேலாளர் அறிக்கை எழுதினார்.

வருடக் கணக்கு முடிக்கும் நாள் வந்தது. புயலின் கடன் குறைந்து குறைந்து நூற்றைம்பதில் நின்றது. மதியத்துக்குள் அன்றைய நூற்றிருபது முடிந்துவிட்டது. மாலைக்குள் நூற்றைம்பது படத்தில் விழுந்துவிட்டால் கதவு அவர்களுடையது. காலையில் மனைவி, பாத்திரங்களைக் கட்டி வைக்கட்டுமா என்று கேட்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். ஆனால் மதியத்துக்கு மேல் கடன் பாக்கி இருந்த எல்லோரும் வந்து நின்றதில், அவர் முறை முடிந்து மறுபடி முறை வர அரை மணி ஆயிற்று. வரிசை அவ்வளவு நீளம்.

அவர் முறை வந்தது. கதவருகே நின்றார். ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஆறு எண்ணும்போது வலது முட்டி மடங்கியது. விழுந்தார். கணுக்கால் அடியில் மாட்டி முறுக்கிக்கொண்டது, மூட்டை தொடையின் மேல் உட்கார்ந்துகொண்டது. ஏதோ முறிந்த சத்தம் வரிசையில் மூன்றாவது ஆள் வரைக்கும் கேட்டது.

நிதானம் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஓடினார். குனிந்து மூட்டையில் கை வைத்தார்.

“தொடாதீங்க மச்சான்,” என்றார் புயல்.

“கால் போயிடும்டா.”

“மேல பாருங்க.”

நிதானம் மேலே பார்த்தார். காமிரா பார்த்துக்கொண்டிருந்தது. ஆள் இருந்தார். மூட்டையும் அவர் மேலேயே இருந்தது. நிதானத்துக்கு எதுவும் மெதுவாகத்தான் புரியும். புரிந்ததும் கையை எடுத்தார். வரிசையைத் திரும்பிப் பார்த்து, ஒருத்தரும் கிட்ட வராதீங்க என்றார். அப்புறம் படத்துக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, எட்டு எட்டாக எண்ணத் தொடங்கினார்.

சிறிது நேரத்தில் காட்சி அறையிலிருந்து மேஸ்திரி வந்தார். மேலாளர் கேட்டு வரச் சொன்னாராம்.

“விழுந்தியா புயலு?”

“விழுந்தேன் மேஸ்திரி.”

“படத்துல விழல. ஒண்ணுல நிக்கிற. அடுத்ததுல படுத்திருக்க. விழுந்தாத்தான் வைத்தியச் செலவு உண்டு. தானா படுத்தா கிடையாது.” மேஸ்திரி சொல்வதைச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எடுத்துடட்டுமா மூட்டைய?”

“எத்தன ஆச்சு?”

“முப்பத்தொண்ணு.”

“நீங்க போய் எண்ணுங்க மேஸ்திரி. நீங்க இங்க நின்னா அங்க யாரு எண்ணுறது?”

மேஸ்திரி ஓடினார். அந்த வயதில் அவர் ஓடியதும் காமிராவில் இல்லை.

மனைவிக்கு யாரோ சொல்லி அவள் வந்து சேர்ந்தாள். வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தவள், கதவருகே வந்ததும் நிறுத்திவிட்டாள். கணுக்கால் இருந்த திசையைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவர் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. எத்தனை என்று கண்ணால் கேட்டாள். எண்பது பாக்கி என்று விரலால் காட்டினார். அவள் புயலின் தலைமாட்டில், படத்தில் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். முந்தானையை நீட்டி முகத்தைத் துடைக்கப் போனவள், மறைத்தால் ஆள் தெரியாதே என்று கையை இழுத்துக்கொண்டாள்.

“மீதி நேரமெல்லாம் எங்க போனேன்னு கேட்டியே,” என்றார் புயல், பல்லைக் கடித்துக்கொண்டு.

“பேசாதீங்க. அசைஞ்சா படம் கெட்டுடும்.”

நூற்றைம்பது ஆனதும் நிதானம் எழுந்து மூட்டையைப் பிடித்தார். அவள் அவர் கையைத் தடுத்தாள். “அண்ணா, இன்னும் ஒரு அஞ்சு விடு. மேஸ்திரி நடுவுல கண்ணத் தொடச்சிருந்தா?”

ஆக நூற்றைம்பத்தைந்து. மொத்தத்தில் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. ஓடி ஓடித் தூக்கியும் தீராத கடன், ஒரே மூட்டைக்கு அடியில் கிடந்ததில் தீர்ந்துவிட்டது. ஓய்வு எவ்வளவு பயனுள்ளது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

குழு கூடி அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. தீர்மானம் நேர்மையாகவே இருந்தது. படங்களில் ஆளும் மூட்டையும் சேர்ந்து தெரிவதால் கடன் முழுவதும் ரத்து. அறையில் தொடர்ந்து இருக்கலாம். விழுந்ததற்கான படம் எதுவும் இல்லாததால் விழவில்லை. விழாதவருக்குக் கால் முறிய நியாயம் இல்லை. ஆகவே வைத்தியச் செலவும் இல்லை. ஒரு நொடிக்கு நான்கைந்து படமாவது வைத்தால் விழுவதெல்லாம் விழும் என்று காமிராக்காரர் சொல்லிப் பார்த்தார். அப்போது இந்தத் தெளிவு போய்விடுமே என்றார் மேலாளர். அவர் கையில் அந்த நூற்றைம்பத்தைந்தில் ஒரு படம் இருந்தது. வேர்வை முத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. கடித்த உதட்டில் பல் பதிந்த இடம் தெரிந்தது. கண்ணோரத்தில் வழிந்து பாதியில் நின்ற நீரில், கிடங்குக் கதவு தலைகீழாகத் தெரிந்தது. அதைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, அலுவலகக் கூடத்தில் மாட்டச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து, கடன் தீர்ந்த சீட்டை வாங்க வரும்படி புயலுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஊன்றுகோலோடு வந்தார். கால் சேர்ந்துவிட்டது. ஆனால் பழைய திசையில் இல்லை. இனி மூட்டை தூக்குவது நடக்காது. அவர் மனைவி இப்போது கிடங்கில் தரை கூட்டுகிறாள். அறைக்கு வாடகை அதில் கழிகிறது. கணக்கரிடம் சீட்டை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, ‘பாக்கி இல்லை’ என்ற இடத்தை இரண்டாம் முறையும் படித்துவிட்டு, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். கால் கடுக்கவே படத்தின் முன்னால் சற்று நின்றார்.

மேலாளர் அப்போது வெளியூர்க் கிடங்கிலிருந்து வந்த ஒருவருக்குப் படத்தைக் காட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வலி எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்று வியந்தார். பிறகுதான் அவருக்குக் கேட்கத் தோன்றியது.

“இவருக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல,” என்றார் மேலாளர். “ஆகியிருந்தா படத்துல இருந்திருக்குமே.” பிறகு, ஊன்றுகோலோடு நின்றவரைப் பார்த்து, “கொஞ்சம் தள்ளி நில்லுப்பா. படத்த மறைக்கிற” என்றார்.